காய்ச்சலின் முதல் இரண்டு நாள்: வைரஸ் புரதங்களும் நம் காவல் நொதிகளும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை போகிற சாலையில், ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. பிறகு நோக்கியா வந்து போனது. ரெனோ-நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, ஃபாக்ஸ்கான் என்று ஆலைகள் பெருகின. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் இளம் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பலவேறு ஊர்களில் வளர்ந்த உடல்கள் ஒரே அறையில் தூங்கி, ஒரே பஸ்ஸில் போய், ஒரே கேன்டீனில் சாப்பிடும் இடம் இது. வைரஸ்களுக்கு இதைவிட வசதியான பாதை கிடையாது.

இந்த வட்டாரத்தில் காய்ச்சல் பரவும்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் எழும்: "உடம்புல சத்து இல்ல, எதிர்ப்பு சக்தி கம்மி." சூப்பர்வைசர் சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், வீட்டிலிருந்து போனில் அம்மாவும் சொல்வார். எதிர்ப்பாற்றலை அளவில் கூட்டிக் குறைக்கும் ஒரு பொருளாக நினைப்பதிலிருந்து வரும் பேச்சு இது. ஊட்டச்சத்தின் தேவையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வைரஸ் புரதங்களுக்கும் மனித நொதிகளுக்கும் இடையே நடப்பது பற்றிக் கிடைத்திருக்கும் அறிவு வேறொன்றைச் சொல்கிறது. வைரஸ் நம்மை வெல்வது பெரும்பாலும் நம் பலவீனத்தால் அன்று. நம் உயிரணுவுக்குள் இருக்கும் குறிப்பிட்ட சில நொதிகளின் குறிப்பிட்ட சில இடங்களைப் பற்றிக்கொள்ளும் வடிவம் அதன் புரதங்களுக்கு வாய்த்திருப்பதால்தான். இந்த நெடுஞ்சாலையைக் கடந்து வந்த நோய்களை வைத்தே அதைப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. புதிய வைரஸ் ஒன்று நுழைந்தால் அதற்கான எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை காவல் காப்பவை ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் வைத்திருக்கும் ஏற்பாடுகள். 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தார்கள். தொற்றுக்குள்ளான உயிரணு இன்டர்ஃபெரானை வெளியிட்டால் பக்கத்து உயிரணுக்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அவற்றில் பல நொதிகளை உருவாக்குபவை: வைரஸின் மரபுப்பொருளை வெட்டுபவை, அதில் பிழை புகுத்துபவை, புரத உற்பத்தியையே நிறுத்துபவை. மனிதரிடையே நிலைத்துப் பரவுகிற வைரஸ் எதுவானாலும், இந்த நொதிகளிடமிருந்து தப்பும் வழி ஒன்றையாவது வைத்திருக்கிறது.

இந்தத் துறையிலேயே மிகத் தெளிவாக விளங்கிய கதை எச்.ஐ.வி.யுடையது. அந்தக் கதையின் இந்தியத் தொடக்கமும் நம் ஊர்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளரிடம் திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலாக உறுதியானது. அடுத்த பத்தாண்டில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை உள்ளிட்ட லாரிப் பாதைகள் தடுப்புப் பணியின் களங்களாயின. 1995 முதல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நடத்திய 'அபாக்' திட்டம் லாரி ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் தேடிச் சென்றது.

அதே ஆண்டுகளில் உலகின் ஆய்வகங்களில் ஒரு புதிர் தீராமல் கிடந்தது. எச்.ஐ.வி.யிடம் 'விஃப்' என்ற சிறு புரதம் உண்டு. 192 அமினோ அமிலங்கள்தான். விஃப் இல்லாத வைரஸ் சிலவகை உயிரணுக்களில் தாராளமாகப் பெருகியது. மனித டி-உயிரணுக்களில் அடுத்த தலைமுறைக்குத் தாண்ட முடியாமல் முடிந்துபோனது. டி-உயிரணுக்களில் ஏதோ ஒன்று வைரஸைக் கொல்கிறது, விஃப் அதை அடக்குகிறது என்று ஊகிக்க முடிந்தது. அந்த ஏதோ ஒன்றை 2002-இல் ஆன் ஷீஹியும் மைக்கேல் மாலிமும் அவர்கள் குழுவினரும் பிடித்தார்கள். இன்று அதன் பெயர் ஏப்போபெக்-3ஜி.

இந்த நொதி செயல்படும் விதம் நுட்பமானது. ஒரு உயிரணுவில் புதிய எச்.ஐ.வி. துகள்கள் உருவாகும்போது ஏப்போபெக்-3ஜி அவற்றுக்குள் ஏறிக்கொள்கிறது. துகள் அடுத்த உயிரணுவுக்குள் நுழைந்து தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதும் வேளையில், எழுதப்படும் இழையிலுள்ள சைட்டோசின்களை யுராசிலாக மாற்றுகிறது. மறு இழையில் இது குவானின் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் அடினினாக விழுகிறது. பிழைகள் நூற்றுக்கணக்கில் குவிந்து வைரஸின் மரபணுத் தொகுதி பொருளற்றுப்போகிறது. நோயாளிகளின் இரத்தத்தில் இப்படிச் சிதைந்த வைரஸ் வரிசைகள் உண்மையிலேயே கிடைக்கின்றன.

விஃப் இதை எப்படித் தடுக்கிறது? அது ஏப்போபெக்கின் வினைமையத்தை அடைப்பதில்லை. நம் உயிரணுவில் பயன் முடிந்த புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அடையாளம் ஒட்டப்பட்டவை புரோட்டியசோமில் போய் அரைபடும். விஃப் ஒரு கையால் அந்த ஏற்பாட்டின் கல்லின்-5 தொகுதியையும் மறு கையால் ஏப்போபெக்-3ஜியையும் பிடித்துக்கொள்கிறது. கார் ஆலையில் தரப் பரிசோதனையில் தேறிய பாகத்தின் மீது வெளியாள் ஒருவன் ரிஜெக்ட் சீட்டை ஒட்டிவிட, ஆலையின் சொந்த ஆட்களே அதை ஸ்கிராப்புக்கு அனுப்புவது போன்ற காரியம் இது. நல்ல நொதியை நம் உயிரணுவே அழித்துவிடுகிறது.

விஃப் தனியாக இதைச் செய்வதுமில்லை. சி.பி.எஃப்-பீட்டா என்ற மனிதப் புரதம் துணை நின்றால்தான் அது உருக்குலையாமல் நிற்கும் என்பது 2012-இல் தெரிந்தது. விஃப்புக்கும் ஏப்போபெக்குக்கும் நடுவே ஆர்.என்.ஏ. இழை ஒன்று பசைபோல் இருந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது என்பதை, உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கி வழியாக 2023-இல் வெளிவந்த கட்டமைப்புகள் காட்டின. வைரஸ் கொண்டுவருவது ஒரே ஒரு புரதம். மற்ற எல்லாம் நம்முடையவை.

எதிர்ப்பாற்றல் பற்றிய நம் எண்ணத்தை மாற்ற வேண்டிய செய்தி இனிமேல்தான். மனித ஏப்போபெக்-3ஜியில் 128-ஆவது இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கில் அதே இடத்தில் லைசின். இந்த ஒரே மாற்றத்தால் எச்.ஐ.வி.யின் விஃப் குரங்கின் நொதியைப் பிடிக்க முடியாமல் போகிறது. மனித நொதியில் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் விஃப்பின் பிடி நழுவுகிறது என்று 2004-இல் பல குழுக்கள் தனித்தனியே நிறுவின. 384 அமினோ அமிலங்களில் ஒன்று! எந்தச் சத்துணவும் அந்த இடத்தைத் தொட முடியாது. பாதிக்கப்பட்டவரின் பலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை.

நம் குரங்கு மூதாதையர்கள் வேறு வைரஸ்களோடு பல இலட்சம் தலைமுறைகளாக நடத்திய போராட்டத்தின் தடம்தான் இந்த வேறுபாடு. மும்பை ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படித்து சியாட்டிலில் ஆய்வு செய்யும் ஹர்மீத் மாலிக், சாரா சாயரோடும் மைக்கேல் எமர்மனோடும் சேர்ந்து 2004-இல் இதைக் காட்டினார். ஏப்போபெக்-3ஜி மரபணு எச்.ஐ.வி. தோன்றுவதற்கு மிக மிக முன்பிருந்தே, சாதாரண மரபணுக்களைவிட வேகமாக மாறி வந்திருக்கிறது. நொதி மாறுகிறது, வைரஸ் புரதம் துரத்துகிறது, நொதி மறுபடி மாறுகிறது. பி.கே.ஆர். என்ற இன்னொரு காவல் நொதியிலும் இதே கதைதான். இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைக் கண்டால் அது உயிரணுவின் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். வாக்சினியா வைரஸிடம் உள்ள கே-3 புரதம், பி.கே.ஆர். வழக்கமாகத் தாக்கும் மனிதப் புரதத்தைப் போலவே உருவெடுத்து அதை ஏமாற்றுகிறது. கிண்டி கிங் நிறுவனம் ஒரு காலத்தில் மாகாணம் முழுவதற்கும் தயாரித்துக் கொடுத்த அம்மைப்பாலில் இருந்தது இந்த வாக்சினியா குடும்பத்து வைரஸ்தான்.

ஆயுதம் அதிகமிருந்தால் நோய் கடுமையாகும் என்று நினைக்கத் தோன்றும். எச்.ஐ.வி.-2 அந்த எண்ணத்தை உடைக்கிறது. சாம்எச்டி-1 என்ற மனித நொதி, டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருள்களை உடைத்து, உயிரணுவை வைரஸுக்குப் பட்டினி நிலமாக்குகிறது. எச்.ஐ.வி.-2இடம் 'விபிஎக்ஸ்' என்ற புரதம் இருக்கிறது; விஃப்பைப் போலவே அது சாம்எச்டி-1ஐ அழிவுக்கு அனுப்பும். இது 2011-இல் தெரிந்தது. உலகை ஆட்டிவைத்த எச்.ஐ.வி.-1இடம் விபிஎக்ஸ் கிடையாது. ஆனாலும் மெதுவாக நோயாவதும் குறைவாகப் பரவுவதும் விபிஎக்ஸ் வைத்திருக்கும் எச்.ஐ.வி.-2தான். தடை இல்லாமல் டென்ட்ரிட்டிக் என்ற எதிர்ப்பாற்றல் உயிரணுவுக்குள் நுழைந்த வைரஸை அந்த உயிரணு அடையாளம் கண்டு எச்சரிக்கை எழுப்பிவிடுகிறது என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒரு விளக்கத்துக்கு வழிகாட்டியது. ஒரு காவலை உடைத்தால் இன்னொரு காவல் விழித்துக்கொள்ளும். நொதிக்கும் புரதத்துக்கும் இடையிலான உறவைத் தனித்தனி இணைகளாக எடுத்துப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

இந்தியாவைப் பொறுத்தவரை இன்னொரு குறையும் உண்டு. நம் நாட்டுத் தொற்றுகளில் பெரும்பங்கு சி-வகை எச்.ஐ.வி.; ஆய்வகங்களில் நெடுங்காலம் பழகியது மேலை நாடுகளின் பி-வகை. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு, சி-வகையின் டாட் புரதத்தில் 31-ஆவது இடத்துச் சிஸ்டீன் செரீனாக மாறியிருப்பதும் அதனால் அப்புரதத்தின் ஒரு திறன் குறைவதும் பற்றி 2004-இல் எழுதியது. ஒற்றை எழுத்து மாறினாலும் போக்கு மாறும் துறையில், நம் வைரஸை நாமே படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எச்.ஐ.வி. ஆண்டுக்கணக்கில் தங்குவது. டெங்குவுக்கு இருப்பது ஒரு வாரம். அதனால் அதன் புரதங்கள் அவசரமாக வேலை செய்கின்றன. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் டெங்குவுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது: கட்டி முடியாத கட்டடங்கள், அவற்றின் தண்ணீர்த் தொட்டிகள், வாடகை வீடுகளில் பிளாஸ்டிக் டிரம்கள், பஞ்சர் கடை வாசலில் பழைய டயர்கள். 2012-இலும் 2017-இலும் தமிழ்நாடு பெரிய டெங்கு அலைகளைக் கண்டது.

டெங்கு வைரஸின் என்.எஸ்-5 புரதம் இன்டர்ஃபெரான் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்-2 புரதத்தைப் பிடித்து அழிக்கச் செய்கிறது. சிஜிஏஎஸ் என்ற நொதி, இருக்கக் கூடாத இடத்தில் டி.என்.ஏ.யைக் கண்டால் ஒரு சிறு மூலக்கூறைத் தயாரித்து ஸ்டிங் புரதத்தை எழுப்பும். டெங்கு இந்தத் தொடரை இரண்டு இடங்களில் அறுக்கிறது. என்.எஸ்-2பி புரதம் சிஜிஏஎஸ்ஸை அழிவுக்கு அனுப்புகிறது. வைரஸின் வெட்டு நொதி ஸ்டிங்கை நேரடியாக வெட்டுகிறது. மனிதரின் ஸ்டிங் வெட்டுப்படும். எலியின் ஸ்டிங் வெட்டுப்படாது. டெங்குவின் காட்டு இருப்பிடங்கள் என்று கருதப்படும் குரங்குகளிலும் வெட்டுப்படாது என்று 2018-இல் சாரா சாயரின் குழு காட்டியது. டெங்கு மருந்தாய்வு இத்தனை ஆண்டுகள் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண எலிக்கு டெங்கு சரியாக வராது. இன்டர்ஃபெரான் ஏற்பிகளை நீக்கிய எலியில்தான் சோதிக்க வேண்டும்; அதாவது, காவலையே எடுத்துவிட்டுக் காவலைப் பற்றிப் படிக்க வேண்டும்.

டெங்குவிடம் புரதமல்லாத ஆயுதம் ஒன்றும் இருக்கிறது. ஆர்.என்.ஏ.யை ஒரு முனையிலிருந்து கடித்துத் தின்னும் எக்ஸ்ஆர்என்-1 என்ற நொதி நம் உயிரணுவில் உண்டு. வைரஸின் ஆர்.என்.ஏ. வால்பகுதியில் முடிச்சுபோல் மடிந்திருப்பதால் நொதி அங்கே தடுக்கி நின்றுவிடும். தின்னப்படாமல் மீந்த துண்டு வீணாவதில்லை. இன்டர்ஃபெரான் எச்சரிக்கைக்குத் தேவையான டிரிம்-25 நொதியில் அது ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியில் காயத்ரி மனோகரனும் சக ஆய்வாளர்களும் 2015-இல் இதை வெளியிட்டார்கள். 1994-இல் போர்ட்டோ ரிக்கோவில் பெருந்தொற்றாகப் பரவிய டெங்கு வகை, இந்தத் துண்டை மற்றவற்றைவிட அதிகமாக உருவாக்கியது. ஒரு வைரஸ் ஊர்முழுக்கப் பரவுவதற்கும் ஒரு நொதியின் முடக்கத்துக்கும் இவ்வளவு நேரடியாகக் கோடு போட்டுக் காட்டிய ஆய்வுகள் அரிது.

சிக்குன்குனியா இங்கே புதிய விருந்தாளி அன்று; 1964-லேயே சென்னையிலும் வேலூரிலும் பரவியது, 2006-இல் மூட்டுகளை முடக்கிப்போட்டுத் திரும்பி வந்தது. மனித நொதிகள் புரதங்களின் மேல் ஒட்டும் ஏ.டி.பி.-ரைபோஸ் குறிகளை அதன் என்.எஸ்.பி-3 புரதம் அகற்றுகிறது. கொரோனா வைரஸும் இதே வேலைக்கு ஒத்த வடிவமுள்ள புரதப்பகுதி ஒன்றை வைத்திருக்கிறது.

கொரோனா காலத்தை இந்த வட்டாரம் எளிதில் மறக்காது. 2021 மே இறுதி வாரத்தில், இரண்டாம் அலையின் உச்சத்தில், ஹூண்டாய் தொழிலாளர்கள் உள்ளிருப்பில் அமர்ந்தார்கள். ஒரகடம் ரெனோ-நிஸான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு ஆலைகளும் சில நாட்கள் மூடப்பட்டன. அப்போது பலர் கேட்ட கேள்வி: ஒரே லைனில் நின்ற இரண்டு இளைஞர்களில் ஒருவருக்கு மூக்கடைப்போடு போனது, இன்னொருவர் ஏன் ஆக்சிஜன் படுக்கைக்குப் போனார்?

விடையில் ஒரு பகுதி ஓ.ஏ.எஸ்-1 நொதியில் இருக்கிறது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைத் தொட்டதும் இது ஒரு சிறு சங்கிலி மூலக்கூறை உருவாக்கும், அது ஆர்.என்.ஏஸ்-எல் என்ற வெட்டு நொதியை எழுப்பும். அது வைரஸின் ஆர்.என்.ஏ.யைத் துண்டாக்கும். மனிதரில் ஓ.ஏ.எஸ்-1 இரண்டு முக்கிய வடிவங்களில் வருகிறது. ஒன்றின் வாலில் கொழுப்புத் தன்மையுள்ள ஒட்டு இருக்கும்; அதனால் உயிரணுவின் உட்சவ்வுகளில் போய் நங்கூரமிடும். கொரோனா வைரஸ் தன் நகல்களை எடுப்பதும் அதே சவ்வுகளின் மறைவில்தான். ஒட்டில்லாத வடிவம் அந்த இடத்தை எட்டுவதில்லை. ஒட்டுள்ள வடிவத்தைத் தரும் மரபணு எழுத்து இல்லாதவர்களுக்கு நோய் கடுமையாக வந்ததை 2021-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் தலைமையிலான குழு காட்டியது. கொரோனா வைரஸ்களின் இருப்பிடமான குதிரைலாட வௌவால்களோ இந்த ஒட்டையே இழந்துவிட்டிருக்கின்றன.

வைரஸின் பக்கமும் வேறுபாடுகள் உண்டு. கொரோனா குடும்பத்தின் மெர்ஸ் வைரஸிடம் அந்தச் சங்கிலி மூலக்கூறையே வெட்டி எறியும் புரதம் உண்டு. கோவிட் வைரஸிடம் அது இல்லை. அதற்குப் பதிலாக என்.எஸ்.பி-15 புரதம் வைரஸின் ஆர்.என்.ஏ.யில் காட்டிக்கொடுக்கும் பகுதிகளைக் கத்தரித்து, காவல் நொதிகளின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறது.

மரபணு ஆய்வாளர்கள் ஸ்வாந்தே பாபோவும் ஹ்யூகோ செபெர்கும் சொன்னது இன்னும் வியப்பானது. ஓ.ஏ.எஸ். மரபணுக்கள் இருக்கும் 12-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது. அதை உடையவர்களுக்குக் கடுமையான கோவிட் வரும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் குறைவு. 3-ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு நியாண்டர்தால் துண்டு ஆபத்தைக் கூட்டுகிறது. அது தெற்காசியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இருக்கிறது. மரபு ஒன்றே விதி என்று இதற்குப் பொருளில்லை. வயதும் நீரிழிவும் தடுப்பூசியும் இதைவிடப் பெரிதாக விளையாடின. ஆனால் ஆக்சிஜன் படுக்கைக்குப் போன இளைஞரைப் பார்த்து 'உடம்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை' என்று சொன்னவர்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிவான ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்கினார்கள்.

இவ்வளவு தெரிந்தபின் மருந்து எங்கே? 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி நாட்டில் இலவச எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் ஒன்று தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. ஒரகடத்திலிருந்து அதிக தூரமில்லை. அன்று தொடங்கி இன்றுவரை அங்கே கொடுக்கப்படும் மாத்திரைகள் தாக்குவது வைரஸின் சொந்த நொதிகளை. விஃப்பும் ஏப்போபெக்கும் கைகோக்கும் இடத்தைத் தாக்கும் மருந்து ஒன்றுகூட நோயாளியை எட்டவில்லை. 2008-இல் தாரிக் ராணாவின் ஆய்வகம் விஃப்பை எதிர்க்கும் ஆர்.என்-18 என்ற மூலக்கூறை அறிவித்தது. அது மருந்தாக முதிரவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. நொதியின் வினைமையம் ஆழமான குழி. சிறு மூலக்கூறு அங்கே உட்கார இடம் கிடைக்கும். இரண்டு புரதங்கள் பற்றிக்கொள்ளும் பரப்போ அகன்று தட்டையாக இருக்கும். நடுவே ஆர்.என்.ஏ. பசை வேறு. 2023-இன் கட்டமைப்புகள் கையில் இருக்கும்போது இந்த முயற்சி மறுபடி தொடங்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நம் நொதியை மீட்டுக்கொடுக்கும் மருந்து, வைரஸ் இதுவரை பழகியிராத முனையிலிருந்து தாக்கும்.

அது வரும்வரை இந்த அறிவு ஆலை வாசலில் எதற்குப் பயன்படும்? வைரஸ் புரதங்கள் எல்லாமே செய்வது நேரம் வாங்குவது. காவல் நொதிகளை அடக்கிவைக்கும் அந்த முதல் நாட்களில்தான் வைரஸ் உடலுக்குள் பெருகுகிறது, அடுத்தவருக்கும் தாவுகிறது. டெங்குவில், காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து காய்ச்சல் விட்ட இரண்டு நாள் பின்வரை நோயாளியைக் கடிக்கும் கொசு வைரஸை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே காய்ச்சல் தொடங்கிய உடனேயே தொழிலாளி கொசுவலைக்குள் படுத்திருக்க வேண்டும். சுவாசத் தொற்றானால் பஸ்ஸில் ஏறாமல் இருக்க வேண்டும்.

நடைமுறை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் இ.எஸ்.ஐ. விதிகளின்படி, முந்தைய நோய்க்காலம் முடிந்து பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தாலொழிய, நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அற்பக் காரணம் சொல்லி விடுப்பு எடுப்பதைத் தடுக்க 1948-இல் எழுதப்பட்ட விதி. வைரஸ்களைப் பற்றி இன்று தெரிந்ததோடு வைத்துப் பார்த்தால், தொழிலாளி வீட்டில் இருப்பது அதிகம் தேவைப்படும் அதே இரண்டு நாளில்தான் கூலியிழப்பு அவரை வேலைக்குத் தள்ளுகிறது. லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் பயிற்சியாளராகவும் நிற்பவர்களுக்கு அந்த இழப்பு இன்னும் கனமானது.

இந்த விதியை அரசுதான் திருத்த வேண்டும். அதற்குக் காத்திராமல் ஆலைகளே இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: காய்ச்சலின் முதல் இரண்டு நாளுக்கு முழுச் சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவச் சான்று கேட்காமல், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து. ஆடியில் தொடங்கும் மழை ஐப்பசி, கார்த்திகையில் பெரிதாகி டிரம்களையும் டயர்களையும் நிரப்பும். அதற்கு முன்பே இந்த ஏற்பாடு விடுதிகளின் நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.